வியாழனின் பனித் துணைக்கோளில் காற்று உண்டா?

காவலூர் கண்டதும் பின்னர்த் தெளிந்ததும்

விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் தோட்டத் தொழிலாளர்கள், நகரவாசிகளைக் காட்டிலும் வானத்தை அதிகமாகக் கண்டவர்கள். ஆண்டின் சில மாதங்களில் விடியற்காலையிலும், வேறு சில மாதங்களில் மாலையிலும், இமைக்காமல் ஒரே சீராக ஒளிவீசும் ஒரு பெரிய 'வெள்ளி'யை அவர்களுள் பலர் கண்டிருப்பர். அது விண்மீன் அன்று; சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய கோளாகிய வியாழன். பிரிக்பீல்ட்ஸ் வீதிகளின் விளக்கொளியும், கிள்ளான் துறைமுகத்தின் விளக்கொளியும் சிறிய விண்மீன்களை நம் கண்களிலிருந்து மறைத்துவிடுகின்றன. ஆயினும் வியாழனை அவற்றால் மறைக்க இயல்வதில்லை.

ஒரு சாதாரண பைனாகுலரைச் சுவரின்மீதோ மரக்கிளையின்மீதோ அசையாமல் வைத்து வியாழனை நோக்கினால், அதன் இரு பக்கங்களிலும் ஒரே வரிசையில் சிறு ஒளிப்புள்ளிகள் தென்படும். அவை வியாழனைச் சுற்றிவரும் துணைக்கோள்கள். 1610 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இத்தாலிய அறிஞர் கலிலியோ கண்ட அந்த நான்கு துணைக்கோள்களுக்கும் அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்பன பெயர்கள். இவற்றுள் அயோ எரிமலைகள் நிறைந்தது. ஏனைய மூன்றும் பனிக்கட்டியால் போர்த்தப்பட்டவை. கானிமீட் இந்நான்கிலும் பெரியது. புதன் என்னும் கோளைவிடவும் உருவில் பெரியது.

இத்தகைய பனி உலகங்களில் காற்று உண்டா? உண்டெனில் எவ்வளவு? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றின் ஒரு முக்கியமான அத்தியாயம் தமிழகத்து மலை ஒன்றில் நிகழ்ந்தது. நம் முன்னோருள் பலர் வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை ஆகிய மாவட்டங்களிலிருந்து கப்பலேறி இந்நாட்டின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்கள் என்பதை நாம் அறிவோம். அந்த வட ஆற்காட்டு மண்ணில்தான் இக்கதை தொடங்குகின்றது.

ஜவ்வாது மலையில் ஒரு தொலைநோக்கி

வாணியம்பாடிக்கும் ஆலங்காயத்திற்கும் அப்பால், ஜவ்வாது மலைத்தொடரில் காவலூர் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. அன்று வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கும். நகர விளக்குகள் எட்டாத அந்த இடத்தை வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தார். 1960 ஆம் ஆண்டுகளின் இறுதியில் அங்கே வானாய்வுக்கூடம் அமைந்தது. 1972 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 மீட்டர் குறுக்களவுடைய கண்ணாடியைக் கொண்ட ஜெர்மானியத் தொலைநோக்கி ஒன்று அங்கு நிறுவப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் 7 ஆம் நாள் ஓர் அரிய நிகழ்ச்சி வாய்த்தது. தன் பாதையில் செல்லும் கானிமீட், வெகு தொலைவிலுள்ள மங்கலான விண்மீன் ஒன்றிற்கு நேர் முன்னே வந்து, அதனைச் சிறிது நேரம் மறைக்கும் என முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சாரியா புதிய தொலைநோக்கியைக் கொண்டு இம்மறைப்பைப் பதிவு செய்தார். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், லெம்பாங் என்னும் மலையூரிலும் இதே மறைப்புப் பதிவாயிற்று.

லெம்பாங் வானாய்வுக்கூடத்தைப் பற்றி நம் வாசகர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுதல் நன்று. போஸ்சா வானாய்வுக்கூடம் எனப்படும் அதன் பெயர், கார்ல் ஆல்பர்ட் ருடோல்ஃப் போஸ்சா என்ற தேயிலைத் தோட்டக்காரரின் பெயராகும். பண்டுங் நகருக்கு அருகே 'மலபார்' என்னும் தேயிலைத் தோட்டத்தை நடத்திய அவர், 1920 ஆம் ஆண்டுகளில் அக்கூடம் எழுவதற்குப் பொருளுதவி செய்தார். தோட்டத்து மண்ணில் விளைந்த செல்வத்தின் ஒரு பகுதி இவ்வாறு வானத்தை ஆராயப் பயன்பட்டது.

விளக்கு மறையும் இரு விதங்கள்

ஒரு விண்மீன் மறைவதைக் கொண்டு, அதனை மறைத்த உலகில் காற்று உண்டா என எவ்வாறு அறிவது? தோட்டத்து விடியற்காலையையே சான்றாகக் கொள்வோம். எதிர் நிரையில் ஒருவர் நெற்றி விளக்குடன் நடந்து செல்கின்றார். அவர் ஒரு மரத்தின் பின்னே சென்றால், விளக்கொளி சட்டென்று அற்றுப்போகின்றது. அவர் பள்ளத்திலே படிந்துள்ள மூடுபனிக்குள் சென்றாலோ, ஒளி சிறிது சிறிதாக மங்கிப் பின்னரே மறைகின்றது. மறையும் விதத்தைக் கொண்டே, இடையில் நிற்பது மரமா, மூடுபனியா என்று நாம் சொல்லிவிடலாம்.

விண்மீனின் கதையும் ஏறத்தாழ இதுவே. காற்றில்லாத உலகின் விளிம்பு விண்மீனை ஒரே கணத்தில் வெட்டி மறைக்கும். காற்றுள்ள உலகின் விளிம்பிலோ, விண்மீனின் ஒளிக்கதிர் அக்காற்றின் ஊடே வளைந்து பரவுவதால், ஒளி படிப்படியாகக் குறையும். வெளிப்படும்போதும் படிப்படியாகவே வளரும். இவ்வாறு ஒளி குறையும் வேகத்தை அளந்தால், காற்றின் அழுத்தத்தையும் ஒருவாறு கணக்கிடலாம். மறைப்பு நீடிக்கும் நேரத்தை அளந்தால், அவ்வுலகின் குறுக்களவையும் கணக்கிடலாம்.

காவலூரிலும் லெம்பாங்கிலும் கிடைத்த பதிவுகளில் ஒளி சட்டென்று மறையவில்லை என விஞ்ஞானிகள் கண்டனர். ஆர். டபிள்யூ. கார்ல்சன் முதலிய அமெரிக்க அறிஞர்களும், பட்டாச்சாரியாவும், இந்தோனேசியாவின் பம்பாங் ஹிடாயாட்டும் உள்ளிட்ட குழுவினர் 1973 ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். கானிமீடில் காற்றுமண்டலம் உண்டு; அதன் அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குக் குறையாது; கானிமீடின் குறுக்களவு ஏறத்தாழ 5,270 கிலோமீட்டர் என்பதே அம்முடிவாகும். பல நாடுகளின் அறிஞர்கள் ஒன்றுகூடிச் செய்த அப்பணி உலக வானியலாரின் கவனத்தை ஈர்த்தது.

வாயேஜர் சொன்ன வேறு கணக்கு

சில ஆண்டுகள் கழிந்தன. 1979 ஆம் ஆண்டு மார்ச் திங்களில் வாயேஜர் 1 என்னும் அமெரிக்க விண்கலம் வியாழனை நெருங்கிக் கடந்து சென்றது. அதுவும் அதே முறையைக் கையாண்டது. கானிமீட் ஒரு விண்மீனை மறைத்த வேளையில், அவ்விண்மீனின் புறஊதா ஒளியை அது அளந்தது. பூமியிலிருந்து நோக்குவோர்க்கு நம் காற்றின் அசைவால் விண்மீனொளி நடுங்குகின்றது. கானிமீடின் சொந்த வெளிச்சமும் அதனுடன் கலந்துவிடுகின்றது. விண்கலத்திற்கோ நம் காற்றின் நடுக்கம் இல்லை. புறஊதா ஒளியில் மிக மெல்லிய வாயுவும் புலப்படும்.

வாயேஜர் அவ்விண்மீனின் ஒளியில் எவ்வித மங்கலையும் காணவில்லை. கானிமீடில் காற்று இருந்தாலும், 1973 ஆம் ஆண்டு கூறப்பட்ட அளவைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவாகவே அது இருத்தல் வேண்டும் என முடிவாயிற்று. காவலூர், லெம்பாங் பதிவுகளிலிருந்து கூறப்பட்ட காற்றழுத்தம் தள்ளப்பட்டது.

ஆனால் அன்று கூறப்பட்ட மற்றோர் எண்ணையும் நாம் மறந்துவிடலாகாது. கானிமீடின் குறுக்களவு 5,268 கிலோமீட்டர் எனப் பின்னர் விண்கலங்கள் அளந்தன. பூமியிலிருந்தே கணித்த 5,270 கிலோமீட்டர் அதற்கு எவ்வளவு அண்மையில் இருக்கின்றது! ஒரே இரவின் பதிவிலிருந்து பெறப்பட்ட இரு முடிவுகளுள் ஒன்று நின்றது, ஒன்று வீழ்ந்தது. அளவெடுத்தவர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருளன்று. 1977 ஆம் ஆண்டு மார்ச் 10 ஆம் நாள், விண்மீன் மறைப்பு முறையினாலேயே யுரேனஸ் கோளைச் சுற்றியுள்ள வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அன்று அம்மறைப்பைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று.

இருக்கின்றது, ஆனால் மிக மிகக் குறைவு

வாயேஜரின் முடிவைக் கேட்டோர் பலர், 'அப்படியானால் பனித் துணைக்கோள்களில் காற்றே இல்லை' என்று எண்ணியிருக்கலாம். அதுவும் முழு உண்மையன்று. தோட்டத்தில் ரப்பர்ப் பால் நிறுக்கும் பெரிய தராசில் ஒரு கடுகை வைத்தால் முள் அசையாது. கடுகுக்கு எடையில்லை என்பதன்று அதன் பொருள். அத்தராசு கடுகை நிறுக்கப் பிறந்ததன்று. அதற்குப் பொற்கொல்லரின் தராசு வேண்டும்.

அத்தகைய நுண்ணிய தராசாக வாய்த்தது, பூமியைச் சுற்றிவரும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி. மெல்லிய வாயுவின்மீது மின்னூட்டம் பெற்ற துகள்கள் மோதும்போது, அவ்வாயு தனக்கே உரிய நிறத்தில் ஒளிர்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத அந்தப் புறஊதா ஒளியை ஹப்பிள் பிரித்தறிந்தது. யூரோப்பாவில் பிராணவாயு உண்டென்று 1995 ஆம் ஆண்டிலும், கானிமீடில் பிராணவாயு உண்டென்று 1998 ஆம் ஆண்டிலும் முடிவுகள் வெளியாயின. கலிஸ்டோவில் மெல்லிய கரியமில வாயு இருப்பதைக் கலிலியோ என்னும் விண்கலம் கண்டது. 1999 ஆம் ஆண்டில் அதனை அறிவித்தவர் வேறு யாருமல்லர். காவலூர்ப் பதிவை வைத்து முதற் கட்டுரையை எழுதிய அதே கார்ல்சன்தான்.

கானிமீடின் காற்று எத்துணை மெல்லியது? பூமியின் காற்றை ஓர் இலட்சம் கோடி பங்காகப் பிரித்தால், அவற்றுள் ஒரு சில பங்குகளே அங்குள்ள காற்றின் அழுத்தத்திற்குச் சமமாகும். அங்கே ஒரு வாயு மூலக்கூறு மற்றொன்றுடன் மோதுவதே அரிது. ஒவ்வொன்றும் பனித்தரையிலிருந்து எழும்பி, வளைந்து சென்று, மீண்டும் பனித்தரையிலேயே விழுகின்றது. அங்கு காற்று வீசுவதில்லை, ஒலி பரவுவதுமில்லை. விண்மீனின் ஒளியை வளைத்து மங்கச் செய்யும் வலிமை அத்தகைய காற்றுக்குக் கிடையாது.

சனிக் கோளின் துணைக்கோளாகிய ரியாவிலும் பிராணவாயுவும் கரியமில வாயுவும் கலந்த மெல்லிய காற்று இருப்பதைக் காசினி விண்கலத்தின் அளவீடுகள் 2010 ஆம் ஆண்டில் காட்டின. நெப்டியூனின் துணைக்கோளாகிய டிரைட்டனைச் சூழ்ந்திருப்பது நைட்ரஜன். 1989 ஆம் ஆண்டு வாயேஜர் 2 அளந்தபோது, அதன் அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 70,000இல் ஒரு பங்காக இருந்தது. சனியின் டைட்டன் மட்டும் இக்கூட்டத்தில் விதிவிலக்கு. அதன் காற்றழுத்தம் நம் பூமியினுடையதைப் போல் ஒன்றரை மடங்காகும்.

இலையில்லாமல் பிறக்கும் பிராணவாயு

பிராணவாயு என்றதும் நம் உள்ளத்தில் உயிரினங்களின் நினைவு எழுதல் இயல்பே. நாம் சுவாசிக்கும் பிராணவாயு, ரப்பர் மரத்தின் இலை முதல் கடற்பாசி வரையுள்ள பசுமையான உயிர்கள் சூரிய ஒளியில் உணவு சமைக்கும்போது வெளிவருவது. ஆனால் கானிமீடிலும் யூரோப்பாவிலும் மரமுமில்லை, இலையுமில்லை. அங்குள்ள பிராணவாயு பனிக்கட்டியிலிருந்தே பிறக்கின்றது.

வியாழனைச் சுற்றி மிக வலிமையான காந்தமண்டலம் பரந்திருக்கின்றது. அதனுள் அகப்பட்ட மின்னூட்டத் துகள்கள் பெருவேகத்துடன் துணைக்கோள்களின் பனிமேல் ஓயாது மோதுகின்றன. நீர் என்பது ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். துகள்களின் தாக்குதலால் பனியிலுள்ள நீர் இவ்விரண்டாகப் பிளவுபடுகின்றது. கானிமீடின் ஈர்ப்புவிசை பூமியின் ஈர்ப்பில் ஏழில் ஒரு பங்கே. ஆதலால், எடை குறைந்த ஹைட்ரஜன் எளிதில் விண்வெளிக்குத் தப்பிவிடுகின்றது. எடை மிகுந்த பிராணவாயுவின் பெரும்பகுதி எஞ்சி நிற்கின்றது. அக்குளிரிலும் அது உறைந்து படிவதில்லை.

யூரோப்பாவின் பனியிலிருந்து ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 12 கிலோகிராம் பிராணவாயு உண்டாவதாக, ஜூனோ விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு 2024 ஆம் ஆண்டு கணக்கிடப்பட்டது. இது நாளொன்றுக்கு ஆயிரம் டன் அளவாகும். ஆகவே, 'தூரத்து உலகில் பிராணவாயு கண்டுபிடிக்கப்பட்டது' என்று ஒரு செய்தியை நாளிதழில் காணும்போது, 'அங்கே உயிர்கள் வாழ்கின்றன' என்று முடிவு கட்டிவிடுதல் கூடாது. அது எவ்வளவு, எவ்வாறு உண்டாயிற்று என்னும் இரு கேள்விகளையும் கேட்ட பின்னரே பொருள் கொள்ளுதல் வேண்டும்.

மெல்லிய காற்று காட்டிய கடல்

இவ்வளவு மெல்லிய காற்றை ஆராய்வதால் பயன் யாது என வினவுவோரும் உண்டு. அவர்களுக்கு 2015 ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு விடை கூறும். சூரியக் குடும்பத்தின் துணைக்கோள்களுள் தனக்கெனச் சொந்தக் காந்தப்புலம் கொண்டது கானிமீட் ஒன்றே. அக்காந்தப்புலத்தின் வழியாக வரும் துகள்கள் மெல்லிய பிராணவாயுவின்மேல் மோதுவதால், அதன் வடபகுதியிலும் தென்பகுதியிலும் இரு ஒளிப்பட்டைகள் தோன்றுகின்றன. வியாழனின் காந்தப்புலம் மாறுந்தோறும் இப்பட்டைகள் முன்னும் பின்னும் அசைகின்றன.

பனிக்கு அடியில் ஒன்றும் இல்லையெனில், அவை ஏறத்தாழ 6 டிகிரி அசைந்திருக்க வேண்டும். ஹப்பிள் கண்ட அசைவோ 2 டிகிரியே. மின்சாரத்தைக் கடத்தும் உப்புநீர்க் கடல் ஒன்று பனியின் அடியில் இருந்து, காந்தப்புலத்தின் மாறுதலை எதிர்த்து நிற்பதே இதற்குக் காரணம் என விஞ்ஞானிகள் முடிவு செய்தனர். மேலே மெல்லிய காற்று இல்லாதிருந்தால் ஒளிப்பட்டை இல்லை. ஒளிப்பட்டை இல்லையேல் கடலைப் பற்றிய இச்சான்றும் நமக்குக் கிடைத்திராது.

மேலும், 1998 ஆம் ஆண்டு எடுத்த ஹப்பிள் படங்களைப் பிற்காலத்துப் படங்களுடன் ஒப்பிட்டு 2021 ஆம் ஆண்டு ஆராய்ந்தபோது, கானிமீடில் பிராணவாயுவுடன் நீராவியும் இருப்பதற்குச் சான்று கிடைத்தது. நண்பகலிலும் வெப்பம் சுழியத்திற்கு 120 டிகிரி செல்சியஸ் கீழே இருக்கும் அவ்வுலகில், சூரியன் உச்சியில் காயும் இடத்தில் பனி சிறிதளவு நேரே ஆவியாகின்றது. இருபதாண்டுகளுக்கு மேல் பாதுகாத்து வைத்த பழைய பதிவு புதிய உண்மையைத் தந்தது. பதிவேடுகளைச் செம்மையாகக் காப்பதன் அருமை இதனால் விளங்கும்.

அளந்தவரே மீண்டும் அளக்கின்றனர்

2021 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் நாள், காவலூரில் அவ்விண்மீன் மறைந்த அதே தேதியில், சரியாக 49 ஆண்டுகள் கழித்து, ஜூனோ விண்கலம் கானிமீடுக்கு மேல் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து சென்றது. 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 'ஜூஸ்' என்னும் விண்கலத்தை ஏவியது. அது 2031 ஆம் ஆண்டில் வியாழனை அடைந்து, 2034 ஆம் ஆண்டு இறுதியில் கானிமீடையே சுற்றிவரத் திட்டமிடப்பட்டுள்ளது. யூரோப்பாவை ஆராய 2024 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் புறப்பட்ட அமெரிக்க விண்கலம் 2030 ஆம் ஆண்டில் வியாழனைச் சேரவேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. வாளியில் பால் நிறைந்திருக்கின்றது என்பதை எவரும் கண்ணால் காணலாம். அப்பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கின்றது என்பதை அளந்துதான் அறிதல் வேண்டும். மழைநீர் கலந்த பாலும் வெள்ளையாகவே தோன்றும். அளவு தவறினால் கூலியும் தவறும் என்பதைத் தோட்டத் தொழிலாளரைவிட நன்கு அறிந்தவர் யார்? விஞ்ஞானமும் அதே நெறியில்தான் செல்கின்றது. 'உண்டு' என்றும் 'இல்லை' என்றும் கூறுவதோடு அது அமைதி கொள்வதில்லை. மேலும் நுண்ணிய அளவுகோல் கிடைக்கும்போது, முன்னர்க் கூறியதை மீண்டும் சோதித்து, வேண்டுமாயின் திருத்திக்கொள்ளுகின்றது. அத்திருத்தத்தால் காவலூரின் பெருமை குறையவில்லை. முதன்முதலில் துணிந்து அளந்தவர்கள் இருந்தமையால்தான் பின்வந்தோர் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஏரிப் பூங்காக் குன்றில், 1994 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கம் இருக்கின்றது. தோட்டப்புறப் பெற்றோர்கள், அது திறந்திருக்கும் நாட்களைக் கேட்டறிந்து தம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுதல் நலம். அதற்கு முன்னரே, லயத்தின் வாசலில் நின்று, மேகமில்லாத இரவொன்றில் வியாழனைச் சுட்டிக்காட்டலாம். பள்ளியில் பைனாகுலர் இருப்பின், ஆசிரியரின் துணையுடன் அந்த நான்கு ஒளிப்புள்ளிகளையும் நான்கைந்து இரவுகள் தொடர்ந்து நோக்கி, அவை நிற்கும் இடங்களை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டுக் குறித்துவரச் செய்யலாம். புள்ளிகள் இரவுக்கிரவு இடம் மாறுவதை அப்பிள்ளைகள் தாமே கண்டறிவர்.